எழுத்துகள் தெரிந்தும் சொல்லை வாசிக்க முடியவில்லையே, ஏன்?

கேள்வி:
என் ஐந்து வயது மகள் ஆங்கில எழுத்துகள் 26-ஐயும் பிழையின்றிச் சொல்கிறாள். ஆனால் 'சன்' என்ற சொல்லைக் காட்டினால் 'எஸ், யூ, என்' என்று சொல்லிவிட்டு நின்றுவிடுகிறாள். ஃபோனிக்ஸை, அதாவது எழுத்துகளின் ஒலிகளைச் சேர்த்து வாசிக்கும் முறையை, எங்கிருந்து தொடங்குவது?

பதில் 1:
அவளுக்குத் தெரிந்திருப்பது எழுத்தின் பெயர். வாசிக்கத் தேவைப்படுவது அதன் ஒலி. 'ஸ்ஸ்ஸ்', 'அ', 'ன்ன்ன்' என்று ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு நீட்டி ஒலித்து, பிறகு இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வந்தால் 'சன்' தானாகவே பிறக்கும். நீட்டி ஒலிக்கக்கூடிய எழுத்துகளிலிருந்து தொடங்குவது எளிது.

பதில் 2:
மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் பெற்றோர் பலர் கவனிக்காத ஒன்று உண்டு: 'ப்' என்று மெய்யாக நிறுத்த வேண்டிய ஒலியை 'ப' என்று அகரம் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தால், 'பின்' (pin) என்ற சொல் குழந்தையின் வாயில் 'ப-இ-ன' என்று சிதறி, ஒன்றுசேராமலே போய்விடும். நம் வழக்கப்படி 'இப்' என்று சொல்வதும் இங்கே உதவாது.

பதில் 3:
26 எழுத்துகள் ஏறத்தாழ 44 ஒலிகளைச் சுமக்கின்றன என்பதால், 'ஷிப்' என்பதில் எஸ்ஸும் எச்சும் சேர்ந்து ஒரே ஒலியாவது போன்ற கூட்டெழுத்துகள் வரத்தான் செய்யும். மூன்றெழுத்துச் சொற்கள் சரளமான பிறகு அவற்றைத் தொடங்கலாம். 'செட்' (said), 'வாஸ்' (was) போன்று எழுத்தின் வழக்கமான ஒலிப்படி வாசிக்க முடியாத விதிமீறிகளை அவ்வப்போது ஓரிரண்டாக அறிமுகப்படுத்தினால் போதும்.