ஓப்பன் மைக் இரவுகளும் கிடைக்காத ஒரு சரணமும்

அன்புள்ள அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகளுக்கு,

போன வாரம் குழுவில் ஒரு தம்பி கேட்டிருந்தார், ஓப்பன் மைக் ஓப்பன் மைக் என்கிறீர்களே, அங்கே யார் வேண்டுமானாலும் பாடலாமா, இத்தனை வருஷமாகப் போய் உங்களுக்கு என்ன கிடைத்தது என்று. அவருக்கு மட்டும் இரண்டு வரி எழுதலாம் என்று உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது. உங்கள் எல்லோரிடமும் ஒரு உதவியும் கேட்க வேண்டியிருக்கிறது.

யார் வேண்டுமானாலும் பாடலாம் தம்பி. உள்ளே போனதும் ஒரு தாள் இருக்கும், அதில் பெயரை எழுத வேண்டும், ஆளுக்கு இரண்டு மூன்று பாட்டு, அவ்வளவுதான். இது இன்று நேற்று வந்த ஏற்பாடு இல்லை. அந்தக் காலத்திலேயே நியூயார்க்கில் கெர்டிஸ் ஃபோக் சிட்டி என்ற இடத்தில் திங்கட்கிழமை இரவுகளில் மேடையை இப்படித் திறந்துவிட்டிருக்கிறார்கள். 1961இல், பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பாடகர் பாப் டிலன் யாரென்று தெரியாத இளைஞராக அங்கே பாடியிருக்கிறார். அமெரிக்காவின் நாஷ்வில்லில் 1982இல் தொடங்கிய புளூபேர்ட் கஃபேயில் பாட்டு நடக்கும்போது பேசினால் ‘உஷ்’ என்று அடக்கிவிடுவார்கள், அந்த இடம் அதற்கே பேர் போனது. மேடையைவிட அந்த ‘உஷ்’தான் பெரியது என்பது என் எண்ணம்.

நான் கற்றுக்கொண்டதில் பாதி கேட்டுக்கொண்டிருந்தவர்களிடமிருந்து வந்தது. கிட்டார் வாசிக்கும் நண்பர் ஒருவர், என்னைவிட மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். நான் பாடி இறங்கியதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “உன் குரல் ஒன்றரைக் கட்டை ஸ்ருதியில் நன்றாக நிற்கிறது, எதற்கு மேலே இழுக்கிறாய்” என்றார். தன் பையிலிருந்து கேப்போவை, அதாவது கம்பிகளை அழுத்திப் பிடித்து ஸ்ருதியை ஏற்றும் கவ்வியை, எடுத்து என் கிட்டார் கழுத்தின் முதல் ஃபிரெட்டில் (முதல் கட்டத்தில்) மாட்டி, இப்போது சி கார்டு பிடி என்றார். விரல் பழைய இடத்திலேயே இருக்க, ஸ்ருதி மட்டும் சரியாக ஒன்றரைக்கு வந்து நின்றது. மைக் பிடிக்கவும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். எங்கே போனாலும் பெரும்பாலும் அந்த ஷூர் எஸ்எம் 58தான் இருக்கும், 1966இலிருந்து வரும் மைக். அதன் தலையைக் கையால் பொத்தினால் பின்பக்கச் சத்தத்தை ஒதுக்கும் குணம் கெட்டு ஸ்பீக்கர் கூவ ஆரம்பித்துவிடும். தாழ்ந்த ஸ்வரத்தில் உதட்டருகே வைத்தால் குரலுக்கு ஒரு கனம் வரும், உச்சத்துக்குப் போகும்போது கொஞ்சம் விலக்க வேண்டும். காசு கொடுத்துப் படித்த வகுப்பில்கூட எனக்கு இதை யாரும் சொல்லவில்லை.

அந்த அண்ணன் எப்போதும் தாளில் கடைசியாகத்தான் பெயர் எழுதுவார். முதலில் பாடிவிட்டுக் கிளம்பிப் போகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை, ஆனால் தான் மட்டும் அத்தனை பேரையும் கேட்டு முடித்துவிட்டுத்தான் மேடை ஏறுவார். அவரே கட்டிய பாட்டு ஒன்று, மோகனத்தின் சாயலில் இருக்கும், தனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்த அக்காவைப் பற்றியது. பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவரும் அக்கா எப்போது கையை விட்டாள் என்று தம்பிக்குத் தெரியாது, அங்கேதான் பல்லவி முடியும். முதல் தடவை கேட்டபோது என்னால் கை தட்டக்கூட முடியவில்லை.

அவர் தவறிப் போனது குழுவில் சிலருக்குத் தெரியும். அதற்கப்புறம் அவருக்காக ஒரு இரவு நடத்தலாம், அந்தப் பாட்டை எல்லோரும் சேர்ந்து பாடலாம் என்று முடிவெடுத்துத் தேடினால், எழுதி வைத்த தாளும் இல்லை, பதிவும் இல்லை. நினைவிலிருந்துதான் சேர்த்தோம். நான் கூடவே இரண்டாம் குரல் பாடியதால் பல்லவியும் முதல் சரணமும் என்னிடம் இருந்தது. வயலின்கார அக்கா இடையிசையை ஒரு ஸ்வரம் பிசகாமல் வாசித்தார். இரண்டாம் சரணம் நிகழ்ச்சியை நடத்துகிறவரிடம் கிடைத்தது. அதில் ஒரு வரியில் மணி என்று வருமா செயின் என்று வருமா என்று பெரிய வாக்குவாதம், கடைசியில் பார்த்தால் அவர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பாடியிருக்கிறார்.

மூன்றாம் சரணம்தான் கிடைக்கவில்லை. கூட்டம் கரைந்து நாலைந்து பேர் மிஞ்சிய இரவுகளில் மட்டுமே அதைப் பாடுவார். அக்கா கல்யாணமாகிப் போன பிறகு அந்த சைக்கிளுக்கு என்ன ஆயிற்று என்று போகும். மெட்டு இருக்கிறது, வார்த்தை இல்லை.

உங்களில் சிலர் என் வீட்டுக்கு வந்தபோது அந்த நிகழ்ச்சிகளுக்குக் கூட்டிப்போயிருக்கிறேன், கடைசிவரை உட்கார்ந்திருந்தவர்களும் உண்டு. பழைய போனிலோ கம்ப்யூட்டரிலோ அன்று எடுத்த வீடியோ ஏதாவது கிடக்கிறதா என்று தயவுசெய்து பாருங்கள். இரைச்சலாக இருந்தாலும், படம் இருட்டாக இருந்தாலும் பரவாயில்லை, எங்களுக்கு வார்த்தைகள் காதில் விழுந்தால் போதும். நீங்களாக வெட்டிச் சுருக்காமல் முழுசாக எனக்குத் தனிமடலில் அனுப்புங்கள்.

தம்பி, உங்களுக்கு: பக்கத்தில் எங்கே நடக்கிறது என்று பார்த்துப் போய்ப் பெயர் எழுதுங்கள். பாடி முடித்ததும் கிளம்பிவிடாதீர்கள்.