பத்துக் கல்லும் போச்சு, வாள் ஏறவில்லை

காட்பாடிக்காரன்:
நேற்று ராத்திரி மொட்டை மாடியில் பாயைப் போட்டு உட்கார்ந்து, நான் ஆடும் ஆன்லைன் விளையாட்டில் +14 வாளை ஒரு படி பலமேற்றி +15 ஆக்கப் பார்த்தேன். வெற்றி வாய்ப்பு 10 சதவீதம். ஒரு முயற்சிக்கு ஒரு பலமேற்றும் கல். மூன்று வாரமாகச் சேர்த்தது பத்துக் கல். பத்தும் போச்சு. கடைசிக் கல்லில் வாள் +13க்கு இறங்கிவிட்டது. கீழே அம்மா, "இந்த வெயில் காலத்தில் என்னடா கத்தல்?" என்கிறார். பத்தில் ஒன்றாவது கிடைக்க வேண்டாமா?

ஆற்காட்டு அண்ணன்:
இல்லை தம்பி. ஒவ்வொரு கல்லும் தனிக் கணக்கு. ஒரு கல் தோற்கும் வாய்ப்பு 0.9. அதைப் பத்து முறை பெருக்கிப் பார், சுமார் 0.35 வரும். அதாவது நூறு பேரில் 35 பேர் உன்னைப் போல வெறுங்கையோடுதான் போவார்கள். லாஸ்ட் ஆர்க் என்ற விளையாட்டில் தோற்கத் தோற்க ஒரு பட்டை நிரம்பும். 100 சதவீதம் ஆனால் அடுத்தது கட்டாய வெற்றி. பிளாக் டெசர்ட்டில் தோல்வி சேரச் சேர வாய்ப்பு ஏறும். உன் விளையாட்டில் இரண்டுமே இல்லை போல.

ஆம்பூர் பாய்:
நான் +12க்கு மேல் போவதே இல்லை. தங்கம் சேர்த்துச் சந்தையில் ஏற்றிய வாளையே வாங்கிவிடுவேன். இறங்காமல் காக்கும் சுருள் இருக்கிறதா பார்த்தாயா?

காட்பாடிக்காரன்:
சுருள் இருக்கிறது பாய், காசு கொடுத்தால்தான். அதற்கு உங்கள் ஊர் பிரியாணியே தேவலை. சரி, +13 வாள் சந்தையில் என்ன விலை போகும்?