இன்ட் (*ப)[4] எதற்கு? இன்ட் **ப ஏன் போதாது?

கேள்வி:
சி மொழியில் இன்ட் அ[3][4] என்ற அரேயை (3 வரிசை, 4 நெடுவரிசை) ஒரு ஃபங்ஷனுக்கு அனுப்புகிறேன். பாராமீட்டரை இன்ட் **ப (பாயின்டருக்குப் பாயின்டர்) என்று எழுதினால் கம்பைலர் எச்சரிக்கிறது. மீறி ஓட்டினால் செக்மென்டேஷன் ஃபால்ட் (தொடக்கூடாத மெமரியைத் தொட்டதால் நிரல் நின்றுவிடுகிறது). அரே பெயர் பாயின்டராக (மெமரி முகவரியாக) மாறும் என்கிறார்களே, இது ஏன் மாறவில்லை?

பதில் 1:
மாறுகிறது, ஆனால் வெளி அடுக்கு மட்டும். அ-வின் ஒவ்வொரு உறுப்பும் 4 இன்ட் கொண்ட அரே. எனவே கிடைப்பது முதல் வரிசையைக் காட்டும் பாயின்டர்: இன்ட் (*ப)[4]. மெமரியில் 12 இன்ட்டும் அடுத்தடுத்து கிடக்கின்றன, பாயின்டர் எதுவும் அங்கே இல்லை. இன்ட் **ப என்றால் ப[0] என்ற இடத்திலுள்ள எண்களையே முகவரி என்று எடுத்துக்கொண்டு அங்கே போகும். அதனால்தான் விழுகிறது. தயவுசெய்து காஸ்ட் (கட்டாய வகை மாற்றம்) போட்டு அந்த எச்சரிக்கையை அடக்காதீர்கள்.

பதில் 2:
அடைப்புக்குறியை விட்டுவிடாதீர்கள். * ஐவிட [ ] க்கு முன்னுரிமை அதிகம். இன்ட் *ப[4] என்றால் 4 பாயின்டர்கள் கொண்ட அரே. பாராமீட்டரில் அப்படி எழுதினால் மறுபடி இன்ட் **ப தான். இன்ட் 4 பைட் என்று வைத்துக்கொண்டு, ப-வில் 1000 என்ற முகவரி இருந்தால் ப+1 என்பது 1016, *ப+1 என்பது 1004. இந்த இரண்டையும் அச்சிட்டுப் பாருங்கள், விஷயம் பிடிபடும்.

கேட்டவர்:
நெடுவரிசை எண்ணிக்கை ஓடும்போதுதான் தெரியும் என்றால்?

பதில் 1:
சி99 (சி மொழியின் 1999 தரநிலை) முதல் வாய்ட் காட்டு(சைஸ்_டி நெ, இன்ட் (*ப)[நெ]) என்று எழுதலாம். நெ முன்னால் வர வேண்டும். ஒதுக்கும்போது மால்லாக்(வரிசை * சைஸ்ஆஃப் *ப). விடுவிக்க ஒரே ஃப்ரீ(ப) போதும். சி11-இல் இந்த வசதி கட்டாயமில்லை, உங்கள் கம்பைலரில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.