படங்களைச் சுவரில் மாட்டலாமா?

குன்னூர் ஓவிய ஆசிரியர்:
குன்னூர்ப் பக்கம் ஒரு மனநல உறைவிட மையத்தில் வாரம் இரண்டு நாள் ஓவியம் கற்றுத் தருகிறேன். பிள்ளைகளுக்கு 13 முதல் 17 வயது. வன்முறையும் விபத்தும் கண்டு மிரண்டு வந்தவர்கள். ஆண்டு விழாவில் அவர்கள் வரைந்தவற்றைக் காட்சிக்கு வைக்க நினைக்கிறேன். வேண்டாம் என்கிறார்கள் செவிலியர்கள். நாலு பேர் பாராட்டினால் பிள்ளை நிமிர்ந்து நடக்காதா?

கேத்திக்காரி:
வேண்டாம் ஐயா. 2009 நவம்பர் நிலச்சரிவில் எங்கள் வீடு போனது. எனக்கு அப்போது 14 வயது. ஒரு மையத்தில் ஆறு வாரம் வைத்திருந்தார்கள். பேச்சே வரவில்லை, கை மட்டும் வரைந்தது. தாள் முழுக்கச் செம்மண் நிறம், கீழ் மூலையில் அம்மாவின் தூக்குப்போசி. "இதில் என்ன இருந்தது?" என்று கேட்டார் சிகிச்சையாளர். "ரசம்" என்றேன். அதுதான் நான் அங்கே பேசிய முதல் சொல். மறுவாரம் அந்தப் படம் வரவேற்பறைச் சுவரில் தொங்கியது. யார் யாரோ பார்த்து உச்சுக்கொட்டினார்கள். அதற்குப் பிறகு பூ மட்டும்தான் வரைந்தேன்.

குன்னூர் ஓவிய ஆசிரியர்:
மனம் கனக்கிறது அம்மா. ஆனால் எல்லாவற்றையும் பூட்டி வைத்தால், வெட்கப்பட வேண்டிய ஒன்று என்றல்லவா பிள்ளை நினைக்கும்? நீலகிரிப் பழங்குடிகளான ஆலுக் குறும்பர்கள் வேங்கை மரப் பிசினால் வரைவதைப் பார்த்துப் பழகிய ஒரு பையன், "என் படத்தை மாட்டுங்கள் சார்" என்று அவனே கேட்கிறான். பெயர் போட மாட்டோம்.

ஊட்டி மனநல மருத்துவர்:
ஓவிய வகுப்பு வேறு, ஓவியச் சிகிச்சை வேறு. வகுப்பில் படம் நன்றாக வர வேண்டும். சிகிச்சையில் படம் எப்படி இருந்தாலும் சரி, வரையும்போது எழும் பேச்சும் மௌனமும்தான் முக்கியம். அங்கே வரைந்தது மருத்துவக் குறிப்புக்குச் சமம். 2017 மனநலச் சட்டத்தின் 23ஆம் பிரிவு ரகசியம் காக்கச் சொல்கிறது. பெயரை எடுத்துவிட்டால் போதுமா? அந்தத் தூக்குப்போசியை ஊரே அடையாளம் சொல்லும். ஓவியம் மட்டும் போதும் என்றும் நான் சொல்ல மாட்டேன். அதிர்ச்சிக்கென்றே அமைந்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்குத்தான், அதாவது பேசிப் பேசி எண்ணத்தையும் நடத்தையையும் சீராக்கும் முறைக்குத்தான், ஆய்வுச் சான்று வலுவாக இருக்கிறது. ஆனால் வாய் திறக்காத பிள்ளையை அதுவரை அழைத்து வர ஓவியம் கைகொடுப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

குன்னூர் ஓவிய ஆசிரியர்:
அப்படியானால் வகுப்பில் வரைந்ததை மட்டுமாவது வைக்கலாமா? அந்தப் பையனுக்கு நான் என்ன பதில் சொல்வது?

கேத்திக்காரி:
அங்கே தங்கியிருக்கும் பிள்ளை "சரி" என்பதை நம்பாதீர்கள் ஐயா. சாப்பாடு போடுகிறவர்களிடம் "மாட்டேன்" என்று சொல்ல வாய் வராது. அவன் வீடு திரும்பி ஆறு மாதம் போகட்டும், அப்போது கேளுங்கள். இப்போதைக்குப் படத்தைச் சுருட்டி அவன் கையில் கொடுத்து அனுப்புங்கள். என் படம் எனக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை.