அக்கா போன புல்ஸ்னிட்ஸ் (நம் வீட்டுக் குழு)

டிரெஸ்டன் அக்கா: பெரியப்பா, இன்று லீவு. காமென்ஸ் போகிற ரயிலில் ஏறி புல்ஸ்னிட்ஸ் வந்துவிட்டேன். தரங்கம்பாடிக்கு வந்து தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் ஐயர் பிறந்த ஊர்!

பெரியப்பா: அடடா! 1682 ஜூலை 10. சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்த பிள்ளை. 1706 ஜூலை 9-இல் தரங்கம்பாடியில் இறங்கினார். 24 வயது முடிய ஒரு நாள் பாக்கி.

அத்தை: பெரிய ஊரா கண்ணு?

டிரெஸ்டன் அக்கா: 8,000 பேர்கூட இல்லை அத்தை. நடந்தே பார்த்துவிடலாம். ஆனால் கடைத்தெருவில் நுழைந்ததும் பட்டை, லவங்க வாசனை ஆளைத் தூக்குகிறது. இங்கே எல்லாம் ஃபெஃபர்கூகன்தான். ‘மிளகு கேக்’ என்று அர்த்தம். 1558-இலேயே அதைச் சுட இந்த ஊர் ரொட்டிக்காரர்களுக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள்.

அத்தை: கேக்கில் மிளகா?

டிரெஸ்டன் அக்கா: பெயரில்தான் அத்தை. கடல் தாண்டி வந்த மசாலா எல்லாமே அந்தக் காலத்தில் இவர்களுக்கு ‘மிளகு’. மாவைத் தேனோ பாகோ விட்டுப் பிசைந்து வாரக்கணக்கில் அப்படியே வைக்கிறார்கள். முட்டை, வெண்ணெய் கிடையாது. அப்புறம்தான் மசாலா சேர்த்துச் சுடுவது.

தம்பி: அவ்வளவு நாள் மாவு புளிக்காதா அக்கா?

டிரெஸ்டன் அக்கா: கெட்டுப்போகாதுடா, இறுகிப்போகும். சரி, இன்னொன்று கேள். இங்கே நீலச்சாயப் பட்டறை இருக்கிறது. மர அச்சில் பசை தொட்டுத் துணியில் ஒற்றி, அவுரிச் சாயத் தொட்டியில் முக்குகிறார்கள். எடுக்கும்போது பச்சையாக வருகிற துணி, காற்றுப் படப்பட நீலமாகிறது! பசை இருந்த இடம் மட்டும் வெள்ளைப் பூ. இந்தக் கைவேலை 2018-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

பெரியப்பா: அச்சு என்றதும் நம் எழுத்து ஞாபகம் வருகிறதம்மா. ஜெர்மனியின் ஹாலே ஊரில் தமிழ் அச்செழுத்து வார்த்து அனுப்பினார்கள். அளவு பெரிது, காகிதம் நிறையத் தின்றது. தரங்கம்பாடியிலேயே சிறிதாக வார்த்து, 1715-இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள். எனக்கு எழுத்துக் கூட்டக் கற்றுக்கொடுத்த புத்தகமே வேதாகமம்தான். அந்த ஊரை நீ பார்ப்பது நானே பார்ப்பது மாதிரி.

டிரெஸ்டன் அக்கா: இப்போது நிக்கோலாய் தேவாலயத்துக்குத்தான் போகிறேன் பெரியப்பா. படம் அனுப்புகிறேன். ஃபெஃபர்கூகன் இரண்டு டப்பா வாங்கியாயிற்று, கிறிஸ்துமஸுக்கு வரும்போது கொண்டுவருகிறேன்.

பெரியப்பா: ஒரு டப்பாவைப் பிரிக்காமல் வை. தரங்கம்பாடி புது எருசலேம் ஆலயத்துக்குப் போவோம், அவர் கல்லறை அங்கேதானே. ஆராதனை முடிந்ததும் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம்.

அத்தை: நானும் வருகிறேன் அண்ணா.