மறு: பார்க்கின்சன் நோயில் 'மிதமான'வும் வேண்டாம், 'மறதி'யும் வேண்டாம்

அனைவருக்கும் வணக்கம்.

பார்க்கின்சன் நோய் பற்றிய கட்டுரைக்காக 'மைல்ட் காக்னிட்டிவ் இம்பேர்மென்ட்' (mild cognitive impairment: நினைவு, கவனம் போன்ற திறன்கள் கொஞ்சம் குறைவது), 'ஸ்கிரீனிங்' ஆகியவற்றுக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையை முதலிலிருந்து படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> 'மிதமான புலனறிவுக் குறைபாடு' ஏற்கெனவே புழங்குகிறது, அதையே வைத்துக்கொள்ளலாமே?

புழங்குகிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதிலுள்ள மூன்று சொற்களும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன. வானிலை அறிக்கையில் 'லேசானது முதல் மிதமான மழை' என்று தினமும் கேட்கிறோம், அங்கே லேசானது முதல் படி, மிதமானது அடுத்த படி என்று யாரும் விளக்காமலேயே எல்லோருக்கும் புரிகிறது. நோயின் கடுமையையும் மூன்று படியாகத்தான் பிரிக்கிறார்கள். 'மிதமான' என்பதை முதல் படிக்கே செலவழித்துவிட்டால் நடுப்படிக்கு எந்தச் சொல்லைத் தேடுவது? ஆகவே 'இலேசான'. இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

'புலனறிவு' பொதுவாகவே வம்பு, இந்த நோயில் இன்னும் பெரிய வம்பு. புலன் என்றதும் கண், காது, மூக்குதானே நினைவுக்கு வரும். பார்க்கின்சன் உள்ளவர்களில் பலருக்கு வாசனை தெரியாமல் போகிறது, கை நடுங்கத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அது நடந்துவிடுவதும் உண்டு. அப்படிப்பட்ட ஒருவரின் கையில் 'புலனறிவுக் குறைபாடு' என்று அச்சிட்ட தாளைக் கொடுத்தால், மூக்கைப் பற்றித்தான் சொல்கிறார்கள் என்று அவர் எடுத்துக்கொள்வார், அதில் அவர் தப்பு ஒன்றுமில்லை. 'அறிவாற்றல்' பரவாயில்லை, ஆனால் அதோடு 'குறைபாடு' சேர்ந்ததும் பிறவியிலிருந்தே இருப்பதுபோல ஒலிக்கிறது. நான் 'அறிதிறன்' பக்கம்.

அடுத்து, 'தொடக்கநிலை மறதி' என்ற முன்மொழிவு. வீட்டில் உள்ளவர்களுக்குச் சட்டென்று புரியும் என்பது அதன் பலம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புரிவது தப்பாகப் புரியும். அல்சைமரில் பெரும்பாலும் நினைவுதான் முதலில் அடிபடுகிறது, பார்க்கின்சனில் அப்படியில்லை. கவனம், ஒரு வேலையைத் திட்டமிட்டு வரிசையாகச் செய்வது, இடத்தையும் வடிவத்தையும் கணிப்பது, இவைதான் பலருக்கு முன்னால் தளர்கின்றன. கடிகாரம் வரையச் சொல்லும் சோதனையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் இது விளங்கும். ஒரு வட்டம் போட்டு, எண்களை எழுதி, பதினொன்று பத்து என்று முள் வைக்கச் சொல்வார்கள். ஒருவர் வரையும் வட்டம் நெளிந்து, எண்கள் எறும்பு மாதிரி சிறுத்துப் போயிருக்கும், ஆனால் பன்னிரண்டும் அதனதன் இடத்தில் இருக்கும். அது கையின் பிரச்சினை. இன்னொருவர் கோடு சுத்தமாக இருக்கும், எண்கள் எல்லாம் வலப்பக்கமே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், பெரிய முள் பத்து நிமிடத்தைக் காட்ட 2-க்குப் போகாமல் 10 என்ற எண்ணிலேயே போய் நிற்கும். இவருக்குக் காலையில் யார் வந்தார்கள், என்ன பேசினார்கள் எல்லாம் நன்றாக நினைவிருக்கலாம். இவரிடம் போய் 'மறதி' என்றால், எனக்கு மறதியே கிடையாது என்று எழுந்து போய்விடுவார்.

(நோயின் பெயரையே 'நடுக்குவாதம்' என்று மாற்றலாம் என்றவருக்கு: எழுதுகிற கட்டுரையே நடுக்கமல்லாத ஒன்றைப் பற்றியது, இதில் அது எடுபடாது. 1817-இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயை விவரித்தபோது புலன்களும் அறிவும் பாதிக்கப்படுவதில்லை என்றே எழுதினார். அந்த எண்ணம் போக வெகுகாலம் ஆயிற்று, பெயர் வழியாக அதைத் திரும்பக் கூட்டி வர வேண்டாமே.)

சரி, 'குறைபாடு' இல்லையென்றால் என்ன? 'சரிவு' என்று இருவர் எழுதியிருந்தீர்கள். சரிவு என்றால் இறங்கிக்கொண்டே போவது. இந்த நிலையில் உள்ள எல்லோரும் அப்படிப் போவதில்லை. சிலருக்கு டிமென்ஷியாவாக (அன்றாட வாழ்வைத் தானே நடத்த முடியாத அளவுக்கு இத்திறன்கள் குலைவது) முற்றுகிறது, சிலர் அப்படியே நிற்கிறார்கள், சிலர் அடுத்த தடவை சோதிக்கும்போது இயல்பு நிலைக்குத் திரும்பியும் இருக்கிறார்கள். நடுக்கத்துக்காகத் தரும் டிரைஹெக்ஸிஃபெனிடில் போன்ற மருந்தே நினைவை மழுங்கடிக்கும், மருத்துவர் அதைக் குறைத்தால் மதிப்பெண் ஏறலாம். மனச்சோர்வு, தூக்கக் கெடுதி எல்லாமும் உண்டு. 'தளர்ச்சி' நல்ல சொல்தான், ஆனால் சுவரொட்டி வைத்தியர்கள் 'நரம்புத் தளர்ச்சி' என்று எழுதி எழுதி அதை வேறு எங்கோ கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். என் முன்மொழிவு 'நலிவு'. முன்பு நன்றாக இருந்தது இப்போது மெலிந்திருக்கிறது என்பது அதில் இருக்கிறது, மீளவே முடியாது என்பது இல்லை. ஆக, இலேசான அறிதிறன் நலிவு.

இனி 'ஸ்கிரீனிங்', அதாவது யாரை மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்று முதலில் சுருக்கமாகச் சோதிப்பது. 'திரையிடல்' சினிமாவுக்குப் போய்விட்டது. 'வடிகட்டல்' என்றால் யாரையோ கழித்துக்கட்டுகிற மாதிரி. 'சலிப்பு'... சோதனையில் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னால் வருவது அதுதான் என்றாலும், வேண்டாம். 'முன்கண்டறிதல்' பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் பொருளில் ஆபத்தானது. இந்தச் சோதனை எதையும் கண்டறிந்து முடிப்பதில்லை, யாரை மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்று மட்டுமே சொல்கிறது. இங்கே அதிகம் பயன்படுகிற, நினைவு, கவனம் போன்றவற்றைச் சுருக்கமாகப் பார்க்கும் மோகா (MoCA) சோதனைக்கு மொத்தம் 30 மதிப்பெண், பத்து நிமிட வேலை. 26-க்குக் கீழே என்றால் கவனிக்க வேண்டும் என்பது வழக்கம், ஆனால் படிப்பு குறைந்தவருக்கு எண் தானாகவே இறங்கும், 12 ஆண்டு அல்லது அதற்கும் குறைவாகப் படித்தவருக்கு ஒரு மதிப்பெண் கூட்டிக்கொடுப்பதும் அதனால்தான். மருந்தின் வேகம் அடங்கி உடல் இறுகிக் கிடக்கிற நேரத்தில் உட்கார வைத்தாலும் இறங்கும். அந்த எண்ணை வைத்து 'கண்டறிந்துவிட்டோம்' என்றால் அநியாயம்.

இயக்கக் கோளாறுகளுக்கான பன்னாட்டுச் சங்கத்தின் பணிக்குழு பார்க்கின்சனில் இந்த நிலையைக் கண்டறிய 2012-இல் வெளியிட்ட வரன்முறையிலும் இரண்டு நிலைதான்: ஒன்று சுருக்கமான மதிப்பீடு, உறுதி குறைவு. மற்றது கவனம், செயல்திட்டம், மொழி, நினைவு, இடவுணர்வு என ஐந்து துறைக்கும் இரண்டிரண்டு சோதனையாவது வைத்துச் செய்கிற விரிவான மதிப்பீடு. அதனால் ஸ்கிரீனிங்குக்கு முதற்சோதனை என்றும், விரிவானதற்கு முழுச்சோதனை என்றும் வைத்தால் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும். 'முதல்' என்றதுமே இன்னொன்று பின்னால் வரும் என்று நோயாளிக்கும் தெரிந்துவிடுகிறது. 'ரொம்ப எளிமையாக இருக்கிறது, கலைச்சொல் மாதிரி இல்லை' என்று யாராவது சொன்னால் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்கிறேன்.

அகராதிப் பதிவுக்கு இப்படி ஒரு வரைவு:

> இலேசான அறிதிறன் நலிவு: கவனம், நினைவு, திட்டமிடல் போன்ற திறன்கள் முன்னிருந்ததைவிடக் குறைந்திருப்பது சோதனையில் தெரிந்தும், அன்றாட வாழ்வைத் தானே நடத்திக்கொள்ள முடிகிற நிலை.

பார்க்கின்சனுக்கு இதில் ஒரு வரி கூட்ட வேண்டும். விரல் மடங்காததால் சட்டைப் பொத்தான் போட முடியாமல் பிறர் உதவி தேவைப்படுவது வேறு, எந்தப் பொத்தான் எந்தத் துளைக்கு என்று குழம்புவது வேறு. முதலாவதை வைத்து டிமென்ஷியா பக்கம் தள்ளிவிடக் கூடாது. இதைச் சுருக்கமாக எழுத எனக்கு வரவில்லை, மருத்துவம் படித்தவர்கள் கை வையுங்கள்.

அப்புறம், 'எக்சிகியூட்டிவ் ஃபங்ஷன்' (executive function: திட்டமிட்டு வரிசையாகச் செய்யும் திறன்) என்பதற்கு மேலே 'செயல்திட்டம்' என்று போட்டது ஒப்புக்குத்தான். 'நிர்வாகச் செயல்பாடு' என்று போட்டால் அலுவலகக் கோப்பு வாசனை அடிக்கிறது. அதற்குத் தனி இழை தொடங்கட்டுமா, இதிலேயே பேசலாமா?