எங்க ஊர் மிலிட்டரி தாத்தாவைப் பற்றி எழுதி வைக்கணும், எங்கிருந்து தொடங்குவது?

ஊத்தங்கரைப் பையன்:

வணக்கம். ஊத்தங்கரைக்கும் போச்சம்பள்ளிக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். ஊரே மிலிட்டரி தாத்தா என்று கூப்பிட்ட பெரியவர் போன வாரம் காலமாகிவிட்டார், வயது எண்பதை நெருங்கியிருக்கும். எனக்கு ரத்த உறவு இல்லை, பக்கத்து வீடுதான், ஆனால் அவர் வீட்டுத் திண்ணையில்தான் நான் வளர்ந்தேன்.

பதினாறாம் நாள் காரியத்தன்று அவரைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் கொடுக்கலாம், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லும் வைக்கலாம் என்று ஊரில் முடிவு செய்திருக்கிறோம். எழுத உட்கார்ந்தால்தான் யாருக்கும் எதுவும் உறுதியாகத் தெரியவில்லை என்பது தெரிகிறது. பசங்க அடித்த ஃபிளெக்ஸில் 'சீனப் போரில் எதிரிகளைச் சிதறடித்த சிங்கம்' என்று இருக்கிறது, அவர் மனைவி, எங்கள் பாட்டி, பாகிஸ்தான் சண்டை என்கிறார், அவர் மகன் பங்களாதேஷ் என்கிறார். தாத்தா இருந்தவரை கேட்டால், "போனோம், சொன்ன வேலைய செஞ்சோம், வந்தோம்டா, போய் படி" என்பார், அவ்வளவுதான். பெங்களூர் எம்.இ.ஜி. (மதராஸ் இன்ஜினியர் குரூப், ராணுவத்தின் பொறியாளர் படை) ஆள் என்பது மட்டும் தெரியும். அவர் எங்கே இருந்தார், என்ன செய்தார் என்று சரியாகத் தெரிந்துகொள்ள என்ன வழி? தப்பாக எதையும் கல்லில் வெட்டிவிடக் கூடாது என்று பயமாக இருக்கிறது.

காவேரிப்பட்டணம் மகள்:

தம்பி, எங்க அப்பாவும் பட்டாளத்தில் இருந்தவர்தான், அவர் போனபோது இதே அலைச்சல் அலைந்தோம், அதனால் சொல்கிறேன். முதலில் அந்த ஃபிளெக்ஸை மாற்றச் சொல்லுங்கள். இப்போது எண்பதை நெருங்குகிறவருக்கு 1962-ல் பதினாறு, பதினேழு வயது இருந்திருந்தால் அதிகம், சீனப் போர் அநேகமாக இல்லை.

பாட்டியிடம் டிஸ்சார்ஜ் புக் எங்கே என்று கேளுங்கள். சேர்ந்த தேதி, ரேங்க், பிரிவு, பதக்கங்கள், வெளிவந்த தேதி எல்லாம் அதில் இருக்கும். அது உடனே கிடைக்காவிட்டால் இரும்பு ட்ரங்குப் பெட்டியைப் பாருங்கள், மூடியிலோ பக்கத்திலோ வெள்ளை பெயிண்டில் ஆர்மி நம்பரும் பெயரும் எழுதியிருப்பார்கள். நம்பர் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி, பாட்டி கையெழுத்துப் போட்டு பெங்களூரில் உள்ள எம்.இ.ஜி. ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்கு எழுதலாம். கிருஷ்ணகிரியில் இருக்கிற முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டாலும் வழி சொல்வார்கள். பதில் வரக் கொஞ்ச காலம் ஆகும், பதினாறாம் நாளுக்குள் வரும் என்று நம்பி இருக்காதீர்கள்.

பதக்கங்கள் இருந்தால் அவற்றை வைத்தே எந்தச் சண்டை என்று சொல்லிவிடலாம். 1965 என்றால் சமர் சேவா ஸ்டார். 1971-ல் கிழக்கே, அதாவது பங்களாதேஷ் பக்கம் இருந்தவர்களுக்குப் பூர்வி ஸ்டார், மேற்கே பாகிஸ்தான் எல்லையில் இருந்தவர்களுக்குப் பஸ்சிமி ஸ்டார். இதோடு 1972-ல் சுதந்திர வெள்ளி விழாவுக்கு அப்போது பணியில் இருந்த எல்லோருக்கும் ஒரு பதக்கம் கொடுத்தார்கள், அதைப் பார்த்து வீரப் பதக்கம் என்று எழுதிவிடாதீர்கள். பதக்கத்தின் விளிம்பையும் பின்பக்கத்தையும் பாருங்கள், நம்பரும் பெயரும் பொறித்திருக்கும். பளபளப்பாக்குகிறேன் என்று புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், எழுத்து மழுங்கிவிடும்.

இன்னொன்று. புத்தகம் மெதுவாக வரட்டும், பாட்டியின் குடும்ப பென்ஷனை முதலில் பாருங்கள். இறப்புச் சான்றிதழ் கைக்கு வந்ததும் தகவல் கொடுத்துவிட வேண்டும், தெரிவிக்காமல் விட்டு அவர் பெயரிலேயே பணம் ஏறிக்கொண்டிருந்தால் பின்னால் பிடித்துக்கொள்வார்கள். பி.பி.ஓ. என்கிற பென்ஷன் உத்தரவுத் தாளில் பாட்டியின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் இருப்பது போலவே இருக்கிறதா பாருங்கள். எங்க அம்மாவுக்கு ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது, அதற்கு எத்தனை கையெழுத்து, எத்தனை அலைச்சல்!

பாலக்கோடு ஹவில்தார் (ஓய்வு):

நானும் எம்.இ.ஜி. தான், தாத்தாவுக்கு ரொம்பப் பின்னால் சேர்ந்தவன். எம்.இ.ஜி. ஆட்களைத்தான் மதராஸ் சாப்பர்கள் என்பார்கள், 1780 முதல் இருக்கிற படை. ராணுவத்தில் எங்களை எல்லோரும் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள், பஞ்சாபி ஆபீசர் கூட அப்படித்தான். நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பையன்களுக்குப் பெங்களூர் ஒரு பஸ் தூரம், அதனால் அல்சூர் ஏரிக்கரை சென்டர் அந்தக் காலத்திலிருந்தே பழக்கமான இடம்.

ஊரில் பலர் சாப்பர் என்றால் ரோடு போடுகிற ஆள், பாலம் கட்டுகிற ஆள், சண்டை போடாதவர் என்று நினைக்கிறார்கள். அது உண்மை இல்லை. 1971 டிசம்பரில் மேற்கு எல்லையில், பாகிஸ்தானின் ஷகர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றைத் தாண்டி நம் டாங்கிகள் போக வேண்டியிருந்தது, அந்தப் பக்கம் பூராவும் கண்ணிவெடி. எங்கள் 9 இன்ஜினியர் ரெஜிமென்ட் தம்பிகள்தான் எதிரியின் குண்டு வீச்சுக்கு நடுவில் பாதை திறந்தார்கள். அந்த ரெஜிமென்ட் மேஜர் விஜய் ரத்தன் சவுத்ரி அந்தப் போரில் உயிர்விட்டார், மகாவீர் சக்ரம் கொடுத்தார்கள். அங்கே டாங்கியில் சண்டையிட்டு உயிர்விட்டு, பரம்வீர் சக்ரம் பெற்ற அருண் கேதர்பாலைத் தெரிந்த அளவுக்கு அவர் டாங்கி போன பாதையைத் திறந்தவர்களை யாருக்கும் தெரியாது, எனக்கு அந்த வருத்தம் எப்போதும் உண்டு.

கையால் கண்ணி எடுப்பது எப்படி என்று சொல்கிறேன். தரையில் படுத்தபடி கம்பியைச் சாய்வாக மண்ணுக்குள் விட்டு, தட்டுப்படுகிறதா என்று அங்குலம் அங்குலமாகப் பார்க்க வேண்டும். செங்குத்தாகக் குத்தினால் கண்ணியின் தலையிலேயே குத்திவிடும். பார்த்து முடித்த பாதைக்கு இரண்டு பக்கமும் வெள்ளை நாடா கட்டிக்கொண்டே முன்னால் போக வேண்டும். இருட்டில், டிசம்பர் குளிரில், விரல் மரத்துப்போன நிலையில் செய்கிற வேலை இது. "சொன்ன வேலைய செஞ்சோம்" என்று தாத்தா சொன்னதைப் படித்ததும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

ஆனால் ஒன்று தம்பி, அவர் பசந்தரில் இருந்தார் என்று இதை வைத்து எழுதிவிடாதீர்கள். டிஸ்சார்ஜ் புக்கில் யூனிட் என்ன என்று பார்த்த பிறகுதான் எழுத வேண்டும். இருந்தவருக்கு இல்லாததைச் சேர்த்துச் சொல்வது, அங்கே உண்மையில் நின்றவனிடமிருந்து எடுத்துக் கொடுப்பதாகும்.

மத்தூர் விவசாயி:

நீங்கள் சொல்கிற பெரியவர் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, பெயர் போட வேண்டாம். எங்க கிணறு வெட்டும்போது வந்தவர் அவர்தான். நம்ம பக்கம் பத்தடி தோண்டினால் பாறை, வேட்டு வைக்காமல் தண்ணீர் கிடையாது. அப்போதெல்லாம் சுற்றுவட்டத்தில் யார் கிணற்றில் வேட்டு வைத்தாலும் அவரை ஒரு வார்த்தை கூப்பிடுவார்கள், காசு வாங்க மாட்டார், ஒரு சொம்பு மோர் குடித்துவிட்டுப் போய்விடுவார்.

அன்றைக்கு ஆறு குழியில் மருந்து வைத்துத் திரி கொளுத்தினார்கள். எல்லோரும் புளியமரத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்றோம். இவர் மட்டும் விரலை மடக்கி எண்ணிக்கொண்டே இருந்தார். சத்தம் ஓய்ந்ததும் ஆட்கள் கிளம்பினார்கள், இவர் கையை நீட்டி மறித்து, "அஞ்சுதான் வெடிச்சிருக்கு, ஒருத்தனும் எறங்கக் கூடாது" என்றார். எங்க அப்பாவுக்குக் கூலி போகிறதே என்று கோபம், ரெண்டு ஒண்ணாச் சேர்ந்து வெடித்திருக்கும் என்று வாக்குவாதம் செய்தார். அவர் அசையவில்லை, கிணற்று மேட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். நேரம் நன்றாகக் கழிந்த பிறகு தானே முதலில் இறங்கிப் பார்த்தார். ஒரு குழி மருந்தோடு அப்படியே இருந்தது. அதைத் தொடாமல், கொஞ்சம் தள்ளி வேறு குழி போடச் சொல்லி அதோடு சேர்த்து வெடிக்க வைத்தார். அன்றைக்கு உள்ளே இறங்க இருந்த மூன்று பேரும் இன்றைக்குப் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். புத்தகத்தில் இதைக் கட்டாயம் போடுங்கள், போர் எதுவாக இருந்தாலும் சரி, எங்களுக்கு அவர் செய்தது இது.

ஊத்தங்கரைப் பையன்:

எல்லோருக்கும் நன்றி, படிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. நேற்று பாட்டி முன்னால் பெட்டியைத் திறந்தோம். அக்கா சொன்ன மாதிரியே மூடியில் நம்பர் இருந்தது. டிஸ்சார்ஜ் புக் ஒரு மஞ்சள் பைக்குள் கிடைத்தது. 1966-ல் சேர்ந்திருக்கிறார், 1984-ல் ஹவில்தாராக வெளியே வந்திருக்கிறார். பஸ்சிமி ஸ்டார் இருக்கிறது, ஆக பாட்டி சொன்னதுதான் சரி. யூனிட் எழுதிய இடத்தில் ஈரம் பட்டு மை பரவியிருக்கிறது, ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்கு எழுதியாகிவிட்டது. பென்ஷன் வேலையை மகனும் நானும் சேர்ந்து பார்க்கிறோம்.

பெட்டியின் அடியில் ஒரு நீளமான கணக்கு நோட்டு இருந்தது. ராணுவ செலக்‌ஷனுக்குப் போகிற பையன்களை அவர் விடியற்காலையில் ஏரிக்கரையில் ஓட விடுவார் இல்லையா, அந்தக் கணக்கு. ஒவ்வொரு பையன் பெயருக்கும் நேரே உயரம், நெஞ்சளவு, 1.6 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு ஆன நேரம், வாராவாரம். எங்க அண்ணன் பெயருக்குப் பக்கத்தில் 'மூச்சு நல்லா இருக்கு, காலை சரியாச் சாப்பிடுவதில்லை, வீட்டில் சொல்லணும்' என்று எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில் அவர் வந்து எங்க அம்மாவிடம் கேழ்வரகுக் களியும் முட்டையும் கொடு என்று சத்தம் போட்டுவிட்டுப் போனது இதற்குத்தான் போல. சேர்ந்த பையன்கள் பெயருக்குக் கீழே சிவப்பு மையில் கோடு.

கல்லில் என்ன எழுதுவது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. நடுகல் என்று போடலாமா?

தருமபுரி தமிழாசிரியை:

நடுகல் என்பது சண்டையில் விழுந்தவனுக்கு வைப்பது, உங்கள் தாத்தா நிறைவாக வாழ்ந்து போனவர். அதனால் நினைவுக்கல் என்றே வையுங்கள், அதில் குறைவு ஒன்றும் இல்லை. ஆனால் எழுதும் முறையை மட்டும் நடுகல்லிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். நம் இரண்டு மாவட்டத்திலும் வயலோரம் வேடியப்பன் என்று பொங்கல் வைத்துக் கும்பிடுகிறோமே, அதில் பல பழைய நடுகற்கள்தான். எழுத்துள்ள கற்களைத் தருமபுரி அருங்காட்சியகத்தில் போய்ப் பாருங்கள். எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, யாருடைய ஆள், எந்த ஊர், தொறு (மாட்டு மந்தை) மீட்டுப் பட்டான், அதாவது இறந்தான், அவ்வளவுதான் இருக்கும். சிங்கம், புலி எதுவும் கிடையாது, ஆனாலும் ஆயிரம் ஆண்டு தாண்டி நிற்கிறது.

பெயர், தகப்பனார் பெயர், ஊர், மதராஸ் சாப்பர், 1966 முதல் 1984 வரை, 1971 போரில் மேற்கு எல்லை, ஹவில்தார். அதற்குக் கீழே ஊர்க் கிணறுகளைக் காத்ததும் பையன்களை ஓட வைத்ததும் ஒவ்வொரு வரி. யூனிட் தெரிய வந்தால் சேர்க்க ஒரு வரி இடம் விட்டு வெட்டச் சொல்லுங்கள்.

ஊத்தங்கரைப் பையன்:

சரிங்க டீச்சர், அப்படியே செய்கிறோம். ஃபிளெக்ஸையும் இன்று காலை கழற்றியாச்சு, பசங்களே கழற்றினார்கள். ஹவில்தார் ஐயா, யூனிட் தெரிந்ததும் இங்கே சொல்கிறேன், நீங்கள் பார்த்து ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். மத்தூர் அண்ணா, கிணற்றுக் கதையை அப்படியே புத்தகத்தில் போடுகிறேன். தாத்தாவிடம் ஏரிக்கரையில் ஓடியவர்கள் யாராவது இதைப் படித்தால், இப்போது எந்த ஊரில் பணியில் இருந்தாலும், உங்கள் பெயரும் சேர்ந்த ஆண்டும் அவரைப் பற்றி நாலு வரியும் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள். நோட்டில் சிவப்புக் கோடு போட்ட பெயர்களில் பாதிப் பேர் இப்போது எங்கே என்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை.